ஐந்து வயதுக் குழந்தைக்கு விதைகள் பரவுவதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

'செடி நகராது' என்று பாடத்தில் வருகிறது, அப்புறம் விதை மட்டும் எப்படி வேறு இடத்துக்குப் போகிறது என்று உங்கள் மகன் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். நன்றாகக் கேட்கிற பிள்ளை. படத்தைக் காட்டி முடித்துவிடாதீர்கள். நீங்களும் அடுக்குமாடியில்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பக்கத்தில் ஒரு காலி மனை இருந்தால் போதும்.

என் மகள் யூகேஜி படித்தபோது 'செடிகள் நகருமா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று டிக் போட்டாள். சிவப்பு மையில் தப்பு விழுந்தது. "தொட்டாச்சிணுங்கி மூடிக்குதே, அது நகர்றது இல்லையாம்மா?" என்று அழுதாள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்த இலையின் அடியில் சின்னப் புடைப்பு இருக்கிறது. தொட்டதும் அதன் ஒரு பக்கத்திலிருந்து நீர் வெளியேறுவதால் இலை மடங்குகிறது. இடம் பெயராவிட்டாலும் அசைவு அசைவுதானே? ஆசிரியரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவருக்கு வந்த விடைக்குறிப்பில் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் ஒரு வார்த்தை ஏன் என்று கேட்டிருக்கலாம்.

சரி, விதைக்கு வருகிறேன். அந்த வாரமே அவளைக் காலி மனைக்குக் கூட்டிப்போனேன். ஊதாப் பூப் பூக்கும் பட்டாசுக்காய்ச் செடி அங்கே நிறைய இருந்தது. பழுத்துக் காய்ந்த காய்களை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு தட்டுத் தண்ணீரில் போட்டோம். நனைந்ததும் நுனி இளகி, விறைத்திருந்த இரண்டு பாதியும் படாரென்று பிரிந்து விதைகள் தெறித்தன. "செடியே எறியுதும்மா!" என்று கத்தினாள். மழை வந்தால்தான் வெடிக்கும், அப்போதுதான் மண் ஈரமாக இருக்கும் என்று சொன்னதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

திரும்பும்போது அவள் பாவாடை ஓரமெல்லாம் நாயுருவி ஒட்டியிருந்தது. வழியெல்லாம் பிய்த்துப் போட்டுக்கொண்டே வந்தாள். "இப்ப யாரு விதைய நட்டது?" என்று கேட்டேன். தன்னையே காட்டிச் சிரித்தாள்.

விடுமுறையில் ராமநாதபுரம் பக்கம் எங்கள் ஊருக்குப் போனபோது மிச்சத்தை என் அப்பா பார்த்துக்கொண்டார். ஆடுகள் சீமைக்கருவேல நெற்றைத் தின்னும். இனிப்புச் சதை செரித்துவிடும், கெட்டியான விதை புழுக்கையோடு வெளியே வந்து முளைக்கும். புழுக்கை என்றதும் பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, அதற்குப் பிறகு அந்தப் பாடம் மறக்கவே மறக்காது.

காற்றில் பறப்பதற்கு எருக்கு விதை இருக்கிறது. பிள்ளைகள் தாத்தாப்பூச்சி என்று துரத்துவார்கள். செடியை ஒடிக்க மட்டும் விடாதீர்கள், எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. தானாக வெடித்த காயிலிருந்து பறப்பதைப் பிடிக்கட்டும்.

நான் தாவரவியல் படித்தவள் இல்லை. அழுக்கு, பூச்சி, பாம்பு என்று பின்னூட்டம் வரும் என்றும் தெரியும். செருப்புப் போட்டு, பகலில், பெரியவர் கூடவே போனால் போதும். எனக்கு வேறொரு ஆதங்கம்தான். எங்கள் குடியிருப்பில் வேலியோரம் இருந்த மண்ணையெல்லாம் மூடிப் பேவர் பிளாக் போட்டுவிட்டார்கள். வண்டி நிறுத்த வசதியாம். கூட்டத்தில் ஒரு முழ மண்ணாவது விடுங்கள் என்று கேட்டேன், சேறாகும் என்றார்கள். விழுகிற விதை எங்கே முளைக்கும்?

ஒன்று சொல்ல விட்டுப்போனது: பட்டாசுக்காயைப் பச்சையாகப் பறித்தால் வெடிக்காது. பழுப்பு நிறத்தில் காய்ந்ததாகப் பார்த்து எடுங்கள்.