ஜப்பானில் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறீர்களா? முதலில் படிவத்தை நிரப்புங்கள்

கேள்வி: எங்கள் கல்லூரியின் பறையாட்டக் குழு அக்டோபரில் கலாசாரப் பரிமாற்றத்துக்காக ஜப்பானின் ஃபுகுவோகாவுக்குப் போகிறது. 12 மாணவர்கள், கூடவே பொறுப்பாசிரியையாக நான். முதல் இரண்டு இரவு விடுதி, பிறகு நான்கு நாள் இருவர் இருவராக உள்ளூர்க் குடும்பங்களின் வீட்டில். இறங்கியதும் என்ன கேட்பார்கள்? பெட்டியில் எதை வைக்கலாம்? வீட்டில் எப்படி நடந்துகொள்வது? நான்கு பேர் சைவம். யாருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. அழைத்தவர்கள் அனுப்பிய விவரப் படிவங்கள் இன்னும் என் மேசையில்தான் கிடக்கின்றன.

பதில்: மொழியை விடுங்கள், அந்தப் படிவங்களைக் கையில் எடுங்கள். நான் கூட்டிப்போன குழுக்களில் வந்த சிக்கல்களில் முக்கால்வாசி, படிவத்தில் எழுதாமல் விட்டதால் வந்தவை. விருந்துக்குப் போன இடத்தில் 'எதுவானாலும் சரி' என்று சொல்லி வளர்ந்த பிள்ளைகள், உணவு என்ற கட்டத்திலும் அதையே எழுதிவிடுகிறார்கள். அங்கே வீட்டம்மா அந்தத் தாளைப் பார்த்துத்தான் நான்கு நாள் சமையலையும் முடிவு செய்வார். வந்த பிறகு 'இது வேண்டாம்' என்றால் முகம் சுளிக்க மாட்டார். இரவு எட்டு மணிக்குக் கடைக்கு ஓடுவார்.

சைவம் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதாது. ஜப்பானியச் சமையலின் அடித்தளம் 'தாஷி' என்கிற சாறு. பெரும்பாலும் 'கட்சுவோபுஷி' என்ற காய்ந்த மீன் சீவலில் இறக்குவது. மிசோ சூப், வேகவைத்த காய்கறி, நூடுல்ஸ் குழம்பு எல்லாவற்றிலும் அது இருக்கும். மீன் துண்டு கண்ணில் படாததால் சமைத்தவருக்கே அது அசைவம் என்று தோன்றாது. அதனால், 'மீன் தாஷியும் வேண்டாம், கொம்பு என்ற கடற்பாசியில் செய்த தாஷி சரி' என்று பிரித்து எழுதுங்கள். முட்டை சாப்பிடுவார்களா, பால் குடிப்பார்களா என்பதையும் தனித்தனியாக. இன்னொன்று: இந்தியப் பிள்ளைகள் என்றதும் ஆசையாகக் 'கறி' என்ற மசாலாக் குழம்பு செய்வார்கள். கடையில் கட்டியாக விற்கும் அந்த மசாலாவில் பலவற்றில் மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ இருக்கும். இதையும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒவ்வாமை, நாய் பூனை பயம், தரையில் படுக்க முடியாத முதுகுவலி எல்லாம் அதே தாளில் போகட்டும்.

அடுத்தது, நீங்கள் கேட்காத ஒன்று. பறை. பதப்படுத்தாத மாட்டுத்தோல் ஜப்பானில் கால்நடை நோய்த்தடுப்புப் பரிசோதனைக்கு உட்பட்ட பொருள். வாத்தியமாகக் கட்டிய தோலை எப்படிப் பார்ப்பார்கள் என்பது வரவேற்பு மேடையில் ஏறும் நாளில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை. ஒவ்வொரு பறைக்கும் படம் எடுத்து, என்ன தோல், எப்படிப் பதப்படுத்தியது என்று எழுதி, அழைத்தவர்கள் மூலமாக அங்குள்ள கால்நடைப் பரிசோதனை நிலையத்தில் இப்போதே கேளுங்கள். சரிவராவிட்டால் ஃபைபர் பறை எடுத்துப்போக நேரம் இருக்கும். உங்களுடையது குறுகியகால விசா என்றால் நிகழ்ச்சிக்குச் சம்பளம் வாங்கக்கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

உணவுப் பொருளில் இறைச்சி எந்த வடிவிலும் கூடாது. சிக்கன் ஊறுகாய், மட்டன் பொடி, எதுவும். மீறினால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 30 லட்சம் யென் வரை அபராதம் என்கிறது சட்டம். கறிவேப்பிலை, பழம், பச்சை மிளகாய் போன்றவற்றுக்கு நம் ஊர்ப் பயிர்ப் பாதுகாப்புச் சான்று வேண்டும், சிலவற்றுக்குச் சான்று இருந்தாலும் தடைதான், அதனால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பொடி, வடகம், எலுமிச்சை ஊறுகாய் போன்றவற்றால் தொல்லை இல்லை. மாத்திரையில் கொஞ்சம் கவனம்: சூடோஎபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்துக்கு அங்கே தடை. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை ஒரு மாத அளவுக்குள் இருக்கட்டும், சீட்டோடு.

விமான நிலையத்தில் பெரிய கேள்வி எதுவும் வராது. 16 வயது நிரம்பியவர்களிடம் விரல்ரேகையும் புகைப்படமும் எடுப்பார்கள். 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் முன்பே பதிவுசெய்தால் கியூஆர் குறியீடு கிடைக்கும், காகிதப் படிவம் எழுதும் வேலை மிச்சம். தங்குமிட முகவரியைக் கேட்கும்போதுதான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். முதல் விடுதியின் முகவரியை எழுதினால் போதும். பாஸ்போர்ட்டை எல்லாம் வாங்கி உங்கள் பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே குறுகியகாலப் பயணி எப்போதும் தன் பாஸ்போர்ட்டைத் தன்னோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

கிளம்புமுன் எல்லோர் போனிலும் 'லைன்' செயலியை ஏற்றிவிடுங்கள். ஜப்பானில் வாட்ஸ்அப் வைத்திருக்கிற வீடு குறைவு. பதிவுக்கு எஸ்எம்எஸ் வரும் என்பதால் நம் சிம் வேலை செய்யும்போதே முடித்துவிட வேண்டும். அங்கே மின்சாரம் 100 வோல்ட், பிளக்கில் இரண்டு தட்டை முள். போன் சார்ஜருக்கு அடாப்டர் போதும். நம் ஊர் முடி உலர்த்தி அங்கே சரியாக வேலை செய்யாது.

குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துப்போக ஒரு மன்றத்தில் கூடுவார்கள். அதற்குத் 'தைமென்ஷிகி' என்று பெயர். பெயர் எழுதிய அட்டையோடு நிற்பார்கள். சிறு குழந்தைகள் கையால் வரைந்த அட்டையும் இருக்கும். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே அங்கே இருங்கள். பரிசு சின்னதாக, சுற்றிக் கட்டி, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். உடனே பிரிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை நல்ல தேர்வு: தள்ளினால் எழுந்து நிற்கிற 'தருமா' பொம்மை அவர்களிடமும் உண்டு, பேச ஒரு விஷயம் கிடைக்கும். கோவில்பட்டி கடலைமிட்டாய் என்றால் அந்த வீட்டில் நிலக்கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

செருப்பைக் கழற்றுவது நமக்குப் புதிதில்லை. கழற்றியதை வாசல் பார்த்துத் திருப்பி வைப்பார்கள், அதுதான் புதிது. உள்ளே நடக்க வேறு செருப்பு, கழிப்பறைக்கு இன்னொன்று, 'தத்தாமி' பாய்மேல் எதுவும் கூடாது. கழிப்பறைச் செருப்போடு கூடத்துக்கு வந்து நிற்பது எல்லோருக்கும் ஒரு தடவையாவது நடக்கும், எனக்கும் நடந்தது.

குளியல்தான் முக்கியம். இரவில்தான் குளிப்பார்கள். தொட்டிக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்து சோப்பு போட்டு, நுரை போகக் கழுவி முடித்த பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். அது அழுக்குப் போக்குகிற தண்ணீர் இல்லை, உடம்பு சூடேறுகிற தண்ணீர். ஒரே தண்ணீரில் வீடே மாறி மாறி இறங்கும். ஒருமுறை எங்கள் மாணவன் ஒருவன் பொறுப்பாகக் குளித்துவிட்டு, பொறுப்பாக அடைப்பையும் பிடுங்கிவிட்டான். அவனுக்குப் பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். வீட்டம்மா சிரித்துக்கொண்டே மறுபடி நிரப்பினார், நாற்பது நிமிடம் ஆனது. தலையில் தேங்காய் எண்ணெய் வைக்கிற பிள்ளைகள் தொட்டிக்குள் தலையை முக்கக் கூடாது. தலையணைக்கு ஒரு துண்டும் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

பேச்சுக்கு இரண்டு வார்த்தை கற்றுக்கொடுத்தால் போதும். வெளியே கிளம்பும்போது 'இத்தெகிமாசு'. திரும்பி வந்ததும் 'தடைமா'. முதலாவதுக்கு அச்சு அசலாக அர்த்தம் 'போயிட்டு வர்றேன்' என்பதுதான். வீட்டிலிருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்' என்பார், அதாவது போயிட்டு வாங்க. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

சரி, படிவங்களை எடுத்து மேசைமேல் பரப்புங்கள். அந்த நான்கு சைவப் பிள்ளைகளிடம் இருந்து ஆரம்பியுங்கள், முட்டைக் கேள்வியோடு.