கைக்குட்டை திருடியவரைத் தேட 450 டாலர் வேண்டுமா?

கேள்வி: மகன் வீட்டோடு ஆஸ்திரேலியாவில், டாஸ்மேனியா மாநிலத்தின் ஹோபார்ட்டில் இருக்கிறேன். மருமகள் இந்த ஊர்ப் பெண். அவளுடைய முன்னோர் ஒருவர் கைக்குட்டை திருடியதற்காக 1832-இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் 7 ஆண்டுத் தீவாந்தர தண்டனை பெற்று இங்கே கப்பலேற்றப்பட்டவர். அவரைப் பற்றிப் பேரன் பள்ளிக்கு எழுதித் தர வேண்டும். ஓல்டு பெய்லி விசாரணை நகலும், முத்திரை போட்ட வம்சாவளிச் சான்றிதழும் 450 டாலருக்கு எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள் அம்மா. ஓல்டு பெய்லி லண்டன் நீதிமன்றம். லங்காஷயரில் பிடிபட்ட சில்லறைத் திருடரை அந்த வட்டாரத்திலேயே விசாரித்துத் தண்டித்திருப்பார்கள். இல்லாத நகலை அந்த ஆள் எப்படி எடுத்துத் தருவார்? இன்னொன்றும் சொல்கிறேன். ஓல்டு பெய்லியின் 1674 முதல் 1913 வரையிலான விசாரணைப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. அவற்றையே அச்செடுத்து, அட்டை போட்டு விற்கிறார்கள். சான்றிதழும் அப்படித்தான். வம்சாவளிச் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு நினைவாகத் தருவது வேறு விஷயம். இவர் தருவது வெறும் அலங்காரக் காகிதம்.

உங்களுக்கு வேண்டியது நீங்கள் இருக்கும் ஊரிலேயே இருக்கிறது. டாஸ்மேனியா அன்றைக்கு வான் டீமன்ஸ் லேண்ட். அங்கே வந்திறங்கிய கைதிகளுக்கு நடத்தைப் பதிவேடு வைத்திருந்தார்கள். மாநில நூலகத்தின் இணையதளத்தில் பெயர் அட்டவணை உண்டு. பெயரைத் தட்டினால் கையெழுத்துப் பக்கமே படமாக வரும், கட்டணம் இல்லை.

அந்தப் பக்கத்தில் முதலில் கப்பல், தண்டனை விதித்த ஊர், தேதி, எத்தனை ஆண்டு என்பவை இருக்கும். அடுத்து, கப்பலேறும் முன் இங்கிலாந்துச் சிறையில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்று ஒரு வரி. அதற்குப் பிறகு வருவதைத்தான் பேரனுக்குக் காட்ட வேண்டும்: வந்திறங்கியதும், 'என்ன செய்தாய்?' என்று கேட்டு, கைதி சொன்ன பதிலை எழுதி வைத்திருப்பார்கள். கைக்குட்டைக் கதை உண்மையா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். முன்பே ஒன்றிரண்டு தடவை பிடிபட்டதையும் பலர் அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். குடும்பக் கதைகளில் அது மட்டும் காணாமல் போயிருக்கும்.

அங்க அடையாளப் பதிவு தனி ஏடு. உயரம், கண் நிறம், தழும்பு, கையில் குத்திய நங்கூரம், காதலியின் பெயரெழுத்து என்று எதையும் விடமாட்டார்கள். ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே!

பக்கத்தின் மீதிப் பகுதிதான் அவருடைய அன்றாடம். அந்தக் காலத்தில் பெரும்பாலான கைதிகளைக் குடியேறிய பண்ணைக்காரர்களிடம் வேலைக்கு ஒப்படைத்தார்கள். சாப்பாடும் துணியும் படுக்க இடமும் உண்டு, சம்பளம் கிடையாது. குடித்தார், எதிர்த்துப் பேசினார், வேலைக்கு வரவில்லை என்று எஜமானர் புகார் சொன்னால் மாஜிஸ்திரேட் முன்னால் நிற்க வேண்டும். சவுக்கடியோ, சங்கிலியோடு சாலை வேலையோ கிடைக்கும். தேதியும் தண்டனையும் வரிசையாக இருக்கும். ஒழுங்காக இருந்தால், 7 ஆண்டுக்காரருக்கு 4 ஆண்டு கழித்து அனுமதிச் சீட்டு. அதோடு தனக்கென்று கூலிக்குப் போகலாம், ஆனால் போலீஸ் கண்காணிப்பு தொடரும். தண்டனை முடிந்தால் விடுதலைச் சான்று தருவார்கள், ஊர் திரும்பக் கப்பல் கூலி தரமாட்டார்கள். பெரும்பாலானவர்கள் இங்கேயே தங்கிவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். ஜான் ஸ்மித் என்று தேடினால் வரிசையாக வருவார்கள். பெயரை மட்டும் நம்பாதீர்கள். கப்பலையும் பாருங்கள். ஒரே கப்பல் வேறு வேறு ஆண்டுகளில் கைதிகளைக் கொண்டுவந்திருக்கும், அதனால் வந்த ஆண்டையும் பாருங்கள். ஒரே கப்பலில் ஒரே பெயரில் இருவர் வந்திருந்தால் கைதி ஒவ்வொருவருக்கும் இங்கே கொடுத்த போலீஸ் எண்ணை ஒப்பிடுங்கள். திருடர்கள் பொய்ப் பெயர் சொல்வதும் உண்டு. அப்போது வயதும் அங்க அடையாளமும்தான் கைகொடுக்கும். அடுத்தவர் வீட்டுத் திருடரைத் தங்கள் பாட்டனாராக்கிச் படச்சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அந்த ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களும் இப்படிப் பணம் வாங்கியவர்கள்தான்.

பதிவேடுகளை நடத்தும் அமைப்புகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. சிட்னிப் பக்கம் இறங்கியவர்களின் ஏடுகள் ஒரு மாநிலத்தில், இங்கே வந்தவர்களுடையது இன்னொன்றில், தண்டித்த வழக்கின் காகிதம் இங்கிலாந்தில். ஒன்றின் தேடல் முறை மற்றொன்றுக்கு ஒத்துவராது. எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஒரே வாசல் வைத்திருந்தால் இந்தத் தரகர்களுக்குப் பிழைப்பே இருந்திருக்காது.

சரி, அந்தக் காலக் கையெழுத்து புரியவில்லை என்றால், பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு பேரனோடு ஹோபார்ட் நூலகத்துக்கே போய், ஆவணப் பிரிவில் இருப்பவர்களிடம் கேளுங்கள். கப்பல் பெயரையும் வந்த ஆண்டையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.