லிங்கன்ஷையரில் பிறந்தவர் நம் எள்ளுத்தாத்தாதானா?

கேள்வி: எங்கள் எள்ளுத்தாத்தா ஆங்கிலேயர். 1840களில் பினாங்கின் செபராங் பிறை சீனித் தோட்டம் ஒன்றில் துரையாக இருந்து, அங்கேயே ஒரு தமிழ்ப் பெண்ணோடு குடும்பம் நடத்தினார் என்று அப்பா சொல்வார். வீட்டுப் பழைய பைபிளில் அவர் பெயரோடு 'லிங்கன்ஷையர், 1819' என்று எழுதியிருக்கிறது. இணையத்தில் தேடினால் அதே பெயரில், அதே வருடம், அந்தப் பக்கத்துக் கிராமத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை வருகிறது. அப்பா கொல்லராம். இவர்தான் என்று முடிவு செய்யலாமா? – வாசகி, ஜெலுத்தோங்

பதில்: அவசரப்படாதீர்கள், சகோதரி. ஜான், வில்லியம், தாமஸ் என்று சில பெயர்களையே ஊர் முழுக்க வைத்த காலம் அது. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைத்துவிட்டால், ஒரே தேவாலயத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர்!

முதலில் அந்தத் தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டைப் பாருங்கள். 1813 முதல் அதில் வயதும் ஊரும் எழுதுவார்கள். அந்தக் குழந்தை இரண்டு வயதில் அடக்கம் செய்யப்பட்டிருந்தால் அது உங்கள் தாத்தா இல்லை, சரியா? இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைக்கும் வழக்கமும் இருந்தது. இதைப் பார்க்காமல், சிறு வயதிலேயே செத்துப்போன குழந்தைக்குப் பேரன் பேத்திகளை எழுதி வைத்திருக்கும் குடும்ப மரங்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

அடுத்து, நீங்கள் பார்த்தது யாரோ தட்டெழுதிய அட்டவணையா, பக்கத்தின் படமா? படத்தையே பாருங்கள். 1812-இல் வந்த தேவாலயப் பதிவேட்டுச் சட்டத்துக்குப் பிறகு அச்சடித்த படிவம் வந்தது: ஞானஸ்நானத் தேதி, குழந்தை பெயர், பெற்றோர் பெயர், குடியிருந்த ஊர், அப்பாவின் தொழில், சடங்கை நடத்திய குருவானவர். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் அதில் இருக்காது, அதற்குப் பெற்றோரின் திருமணப் பதிவுக்குத்தான் போக வேண்டும். 1754 முதல் அதில் மணமக்களின் கையெழுத்தும் இருக்கும், எழுதத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். சாட்சிகளின் பெயரையும் விடாதீர்கள், பல சமயம் அவர்கள் சொந்தக்காரர்கள்தான். பதிவேடு தொலைந்திருந்தால் பிஷப்புக்கு வருடாவருடம் அனுப்பிய நகல் இருக்கலாம், கவுண்டி (அங்கத்து மாவட்டம்) ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.

இங்கிலாந்தில் அரசாங்கப் பிறப்புப் பதிவு 1837 ஜூலையில்தான் ஆரம்பித்தது, அதனால் உங்களுக்குத் தேவாலயப் பதிவேடுதான் வழி. ஒருவேளை இன்னும் பின்னால் போனால் ஒன்று கவனம்: 1752க்கு முன் அங்கே வருடம் மார்ச் 25-இல்தான் பிறக்கும். பதிவேட்டில் 1720 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1721.

ஆனால் இதெல்லாம் பயன்பட வேண்டுமானால் லிங்கன்ஷையர் குழந்தையையும் செபராங் பிறை துரையையும் இணைக்கும் ஒரு காகிதம் வேண்டும், அது கிடைக்க வாய்ப்புள்ள இடம் நம் ஊர்தான். அவருடைய திருமணம், பிள்ளைகளின் ஞானஸ்நானம், அடக்கம் எல்லாவற்றையும் பினாங்கில் தேடுங்கள். ஃபார்குவார் தெருவின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818-இல் கட்டியது, அங்கிருந்து ஆரம்பியுங்கள். 1867 வரை நாம் இந்திய நிர்வாகத்தின் கீழ் இருந்ததால், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் (இந்தியாவை நிர்வகித்த பிரிட்டிஷ் அரசுத் துறை) தேவாலயப் பதிவுகளிலும் தேடலாம்.

எள்ளுப்பாட்டியையும் சேர்த்துத் தேடுங்கள், சகோதரி. லிங்கன்ஷையர் ஏடுகளில் அவர் வரமாட்டார். பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் அம்மா பெயர் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள், அவர் கத்தோலிக்கராக இருந்திருந்தால் பினாங்கு சாலை புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்திலும் விசாரியுங்கள்.