பட்டுக்கோட்டைப் பக்கம் காண்டாமிருக வண்டு மிகுதியாக இருப்பது ஏன்?

தஞ்சை வயல்வெளியைவிடப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதியில், தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு மிகுதியாக இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வண்டினம் எங்கே பெருகும் என்பதை அதன் புழு வளர ஏற்ற இடமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இவ்வண்டின் புழு எருக்குழியிலும் மட்கிய தென்னை மரத்திலும் வளர்வது. ஆகவே வடகிழக்குப் பருவமழையில் நீர் தேங்கி நிற்கும் களிமண் நெல்வயல் அதற்கு உதவாது, அங்கே நீர்வண்டுகளுக்குத்தான் வாழ்வு. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் நீர் எளிதில் வடியும் தென்னந்தோப்புகளிலோ உணவும் உறைவிடமும் சேர்ந்தே கிடைக்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களுள் அகற்றப்படாமல் மட்கியவையும், என் கணிப்பில், அதற்குத் தொட்டில்களாயின. விரிந்த ஓலையில் கத்தரியால் நறுக்கியதுபோன்ற முக்கோண வெட்டு தெரிந்தால், குருத்தாக இருந்தபோதே வண்டு அதைக் குடைந்துவிட்டது என்று பொருள். அப்போது மரத்தோடு நில்லாமல் அருகிலுள்ள எருக்குழியையும் கிளறிப் பாருங்கள்.