பதினைந்தாம் தேதி

அன்புள்ள அண்ணா,

நான் ஆனைமலைப் பக்கம். எங்கள் தென்னந்தோப்பில் பல வருடமாகக் காய் போட்டுக்கொண்டிருந்தவர் மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார். வீட்டம்மா மட்டை மில்லுக்குப் போகிறார். இரண்டு பெண் குழந்தைகள். ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள் பார்த்தோம். அதன் பிறகு சொந்தக்காரர்களிடம் கேட்டு 36,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். அதைக் கையில் பணமாகக் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். அப்பாவும் சித்தப்பாவும் கூடாது என்கிறார்கள். “ஒரு மாசத்தில் கரைந்துவிடும், அவன் குடித்துவிடுவான், ஒரு தையல் மிஷினும் நாலு மூட்டை அரிசியும் வாங்கிப் போடு” என்கிறார்கள். பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்ததிலிருந்தே தோப்பு வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்றும் ஒரு பேச்சு. ஆயிரம் ரூபாயில் ஒரு வீட்டுக்கு என்னதான் மாறும் என்று எனக்கும் புரியவில்லை. நீங்கள் எல்லையின் இரண்டு பக்கமும் பார்த்தவர். எழுதுங்கள். என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வேலைக்கு ஆள் வராத பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டில் நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் ஆயிரம் ரூபாய் என்பது மூன்று நாள் கூலி. மூன்று நாள் கூலி வருகிறது என்பதற்காக மீதி இருபத்தேழு நாளும் வீட்டில் உட்கார எந்த ஏழைக்கும் கட்டுப்படியாகாது. தோப்புக்கு ஆள் வரவில்லை என்றால் வேறு எங்கோ கூடுதல் கூலி கிடைக்கிறது என்று அர்த்தம்.

ஆயிரம் ரூபாயில் என்ன மாறும் என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்கு எங்கள் வீட்டுக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

என் பெரியம்மாவுக்கு இரண்டு பெண்கள். மூத்த அக்காவைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். சின்னக்காவுக்கு இங்கே, கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறையிலேயே மாப்பிள்ளை. வீட்டில் பேச்சு ஒரே தமிழ்தான், நடுவில் ஒரு செக்போஸ்ட், அவ்வளவுதான் தூரம். ஆனால் அக்கா தமிழ்நாட்டு ரேஷன் கார்டு, சின்னக்கா கேரளத்துக் கார்டு. அக்காவுக்கு 2023 செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1000. சின்னக்காவுக்கு விதவை பென்ஷன், அப்போது 1600. தொகையை மட்டும் பார்த்தால் சின்னக்கா பாடு தேவலை என்றுதான் யாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூத்தவருக்குப் பணம் மாதாமாதம் பதினைந்தாம் தேதியை ஒட்டி வந்துவிடும். முதல் மாதம் மட்டும் பழைய மினிமம் பேலன்ஸ் பாக்கி என்று வங்கி அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சமயம் பல ஊர்களில் இதே புகார். உரிமைத் தொகையில் கை வைக்கக் கூடாது என்று மாநில அரசு வங்கிகளுக்குச் சொன்ன பிறகு சரியானது.

அக்கா வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையில் பற்று நோட்டு உண்டு. நீள வாக்கில் மடித்த நோட்டு, மேலே ஒரு துளை, அதில் சணல் கயிறு. பல வருடம் அந்த நோட்டில் அக்கா பெயருக்கு நேரே வரவு என்று ஒன்றும் ஏறாது, பற்றுதான் ஏறிக்கொண்டே போகும். கடன் சொல்லி வாங்குகிறவள் விலை கேட்க முடியாது. இந்த அரிசி வேண்டாம், அது கொடுங்கள் என்று சொல்ல முடியாது. எண்ணெய் பத்து ரூபாய்ப் பாக்கெட், புளி ஐந்து ரூபாய்க்கு. எப்போது தருவாய் என்று கேட்டால் “வந்தா தர்றனுங்க” என்பார், தலையைத் தூக்காமல். அந்தக் குரலைச் சின்ன வயதிலிருந்து நான் கேட்டிருக்கிறேன்.

2024 பொங்கல் சமயத்தில் அவரோடு அந்தக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் கேட்டார். அக்கா சொன்னார், “பதினஞ்சாந் தேதி தர்றனுங்க. அந்தப் பொன்னி அரிசி நல்லா இருக்குதுங்களா?” அவர் ஒரு பிடி அள்ளிக் காட்டினார். அக்கா உள்ளங்கையில் வாங்கி ஊதிப் பார்த்துவிட்டு, “வேண்டாங்க, குருணையா இருக்குது” என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது தம்பி. கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை, வேறு மூட்டையைத் திறந்தார்.

அதற்கப்புறம் நடந்தது இன்னும் பெரிது. அந்தத் தெருவில் பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஐந்நூறு ரூபாய்ச் சீட்டு போடுவார்கள். அக்காவை அதுவரை யாரும் சேர்த்ததில்லை, கட்ட மாட்டாள் என்று பயம். பதினைந்தாம் தேதி பணம் வருகிறது என்று தெரிந்ததும் அவர்களே வந்து கேட்டார்கள். கடைசிச் சீட்டை அக்கா எடுத்தார். ஐயாயிரம். அதில் ஒரு பொட்டை வெள்ளாட்டுக் குட்டி வாங்கினார். இப்போது மூன்று உருப்படி நிற்கிறது.

இந்தப் பக்கம் சின்னக்கா கதையைக் கேளுங்கள். கேரளத்தில் பென்ஷனைக் கூட்டுறவுச் சொசைட்டி ஆள் வீட்டுக்கே கொண்டுவந்து எண்ணிக் கொடுப்பார். அருமையான ஏற்பாடு. ஆனால் அக்காவுக்குப் பணம் வர ஆரம்பித்த அதே மழைக்காலத்தில் இங்கே நிலுவை விழத் தொடங்கியது. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று ஏறிக்கொண்டே போனது. அடிமாலியில் 2023 நவம்பரில் இரண்டு வயதான அம்மாக்கள் பென்ஷன் வரவில்லை என்று சட்டியை ஏந்திக்கொண்டு கடைவீதியில் இறங்கியது நினைவிருக்கும். சின்னக்கா சட்டி ஏந்தவில்லை, தோட்டை அடகு வைத்தார். பிறகு பிளேடுக்காரரிடம் போனார். வட்டிக்கு விடுகிறவரை இங்கே அப்படித்தான் சொல்வோம். திடீரென்று ஒரு நாள் இரண்டு மாதப் பணம் சேர்ந்து வரும். வந்த சாயங்காலமே பிளேடுக்காரர் வாசலில் நிற்பார். 1600 ரூபாய் வாங்குகிற தங்கை கடனில் இருந்தாள், 1000 வாங்குகிற அக்கா ஆடு வாங்கினாள். 2025 நவம்பரில் பென்ஷன் 2000 ஆனது, கடைசி நிலுவையும் சேர்ந்து 3600 வந்தது. தோடு இன்னும் திரும்பவில்லை.

ஆகவே தம்பி, ஏழை வீட்டில் பணத்தின் அளவைப் போலவே அது எந்தத் தேதியில் வரும் என்பதும் முக்கியம். தேதி தெரிந்தால் கடைக்காரர் நம்புகிறார், சீட்டு நடத்துகிறவர் நம்புகிறார்.

குடிப் பேச்சுக்கு வருகிறேன். குடிக்கிற வீடே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், எங்கள் சொந்தத்திலேயே உண்டு. ஆனால் ஒரு வீட்டில் கண்டதை எல்லா வீட்டுக்கும் பொருத்திவிடுகிறோம். பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் எவான்ஸ், அன்னா போபோவா இருவரும் தொகுத்துப் பார்த்தார்கள். நேரடியாகப் பணம் கொடுத்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாகப் பொதுவாகத் தெரியவில்லை. நம் நாட்டிலேயே மத்தியப் பிரதேசத்தில் 2011இல் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு யுனிசெஃப் உதவியோடு எட்டுக் கிராமங்களில் எல்லோருக்கும் பணம் கொடுத்துப் பார்த்தது. பெரியவருக்கு மாதம் 200, குழந்தைக்கு 100, ஒரு வருடம் கழித்து 300, 150. கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அங்கேயும் ஜனங்கள் ஆடு மாடு வாங்கினார்கள், பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது கூடியது.

யார் கையில் கொடுக்கிறோம் என்பதும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் முதியோர் பென்ஷனைப் பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ ஆராய்ந்தார். பாட்டி பென்ஷன் வாங்கும் வீட்டில் பேத்திகளின் உடம்பு தேறியிருந்தது. தாத்தா வாங்கிய வீடுகளில் அந்த மாற்றம் தெரியவில்லை. நீங்கள் சொல்லும் வீட்டிலும் இரண்டு பெண் குழந்தைகள் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

பணத்தால் எல்லாம் ஆகிவிடும் என்று நான் நம்பவில்லை. அக்காவின் ஆயிரம் நின்று பேசுகிறது என்றால் அடியில் இருபது கிலோ ரேஷன் அரிசி இருக்கிறது, சத்துணவு இருக்கிறது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. புதுச்சேரியில் 2015இல் ரேஷன் அரிசியை நிறுத்திவிட்டு அதற்குப் பதில் பணம் போட்டார்கள். அந்தக் காசுக்குக் கடையில் அவ்வளவு அரிசி வரவில்லை, மறுபடி ரேஷனைத் திறக்கச் சொல்லி வருடக்கணக்கில் கேட்டார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றைக் கொடுப்பது உதவியே ஆகாது.

சரி, உங்கள் 36,000. தையல் மிஷின் வேண்டாம். மட்டை மில்லில் நின்றுவிட்டு வந்து, படுத்திருக்கிறவருக்குச் செய்துவிட்டு, அந்தம்மா எப்போது தைப்பார்? அரிசி மூட்டையும் வேண்டாம், ரேஷனில் வருகிறது. மாதம் 1500 என்று பிரித்தால் 24 மாதம் வரும். பெரிய பெண் எந்த வகுப்பு என்று தெரியவில்லை, இரண்டு வருடம் அவள் படிப்பு நிற்காமல் இருக்கும். அந்தம்மாவின் பெயரிலேயே கணக்கு இருக்கட்டும், மினிமம் பேலன்ஸ் பாக்கி ஏதும் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். விழுந்தவருக்கு மாற்றுத் திறனாளி அடையாள அட்டையும் உதவித்தொகையும் கேட்டு விண்ணப்பித்தார்களா என்றும் விசாரியுங்கள். அலைவதற்கு அவர்கள் வீட்டில் ஆள் இல்லை, அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

ஒரே ஒரு விஷயம் எனக்கு உறுதியில்லை. கென்யாவில் ஒரு ஆய்வில், மாதாமாதம் வாங்கினவர்கள் வீட்டில் சாப்பாடு சீராக இருந்தது, மொத்தமாக வாங்கினவர்கள் வீட்டுக்குத் தேவையான பெரிய சாமான்கள் வாங்கினார்கள். உங்கள் ஊர் அம்மாவுக்கு வட்டிக் கடன் இருந்தால் முதலில் ஒரு பத்தாயிரத்தை எடுத்து அதை அடைப்பதுதான் புத்தி. அது நமக்குத் தெரியாது. அப்பாவையும் சித்தப்பாவையும் கேட்ட மாதிரி அவரையும் கேளுங்கள். மில்லிலிருந்து திரும்பிய பிறகு, தனியாக, உங்கள் அம்மாவையே கேட்கச் சொல்லுங்கள். மொத்தமாகவா, மாதாமாதமா? மாதாமாதம் என்றால் எந்தத் தேதி? அந்தத் தேதியை அவர் சொல்லட்டும். குழுக் கடன் தவணை என்றைக்கு, பற்று நோட்டு என்றைக்கு என்பது அவருக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து