கம்பெனி வேலை, ஒலிம்பிக் தங்கம்

கேள்வி: அந்தக் காலத்துல ஒலிம்பிக்ல ஆடினவங்க காசுக்கு ஆசைப்படாம விளையாட்டுக்காகவே விளையாடினாங்க. இப்ப எந்த டீமை எடுத்தாலும் பேர்லயே கம்பெனி. பாஸ்கெட்பாலைக்கூட விட்டு வைக்கல. அமெச்சூர் விளையாட்டை கம்பெனிங்க கெடுத்துட்டாங்கங்கறது என் கருத்து. டீம் பேர்ல கம்பெனி பேர் வைக்கறதையாவது தடை பண்ணணும். நீங்க என்ன சொல்றீங்க?
— ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: "அந்தக் காலம்"னா எந்தக் காலம் சார்? வருஷத்தையும் சேர்த்து எழுதியிருந்தா வசதியா இருந்திருக்கும், ஏன்னா நீங்க பாஸ்கெட்பாலை வேற இழுத்துட்டீங்க, அதுல கம்பெனி வாடையே இல்லாத ஒலிம்பிக் காலம் எதுன்னு நானும் தேடிப் பாக்கறேன், சிக்க மாட்டேங்குது.

ஒலிம்பிக்ல பாஸ்கெட்பால் பதக்கத்துக்கான விளையாட்டா சேர்ந்ததே 1936 பெர்லின்லதான். அதுக்கு அமெரிக்கா அனுப்பினது 14 பேர். அதுல 7 பேர் யுனிவர்சல் பிக்சர்ஸ் டீம், ஆமா, அதே ஹாலிவுட் சினிமா கம்பெனிதான். 6 பேர் கான்சாஸ் மாநிலத்துல மெக்ஃபெர்சன்ங்கற சின்ன ஊர்ல இருந்த குளோப் எண்ணெய் சுத்திகரிப்பு கம்பெனி டீம். மிச்சம் ஒரே ஒருத்தர்தான் காலேஜ் பையன். ஃபைனல் நடந்த இடம் டென்னிஸ் ஆடற மண் தரை, கூரை கிடையாது, அன்னைக்குன்னு பாத்து மழை வேற. பந்தைத் தட்டினா மேல எழும்பி வரல, சொத்துனு சேத்துல உக்காந்துடுச்சு, தட்டிக்கிட்டே ஓடறதுங்கற பேச்சுக்கே இடமில்ல, கையில வாங்கி அடுத்த ஆளுக்கு வீசறதோட சரி. பாதி ஆட்டத்துல 15-4, முடியறப்ப 19-8, அமெரிக்காவுக்கு தங்கம். கனடா டீமே சேர்ந்து எடுத்தது 8 பாயின்ட், அதே 8ஐ குளோப் கம்பெனி ஆளு ஜோ ஃபோர்டன்பெரி ஒத்தையா எடுத்தார். இந்த விளையாட்டைக் கண்டுபிடிச்ச ஜேம்ஸ் நெய்ஸ்மித்தும் பெர்லின்ல இருந்தார். கம்பெனி ஆளுங்க எப்படி வந்தாங்கன்னு அவர் கோவிச்சுக்கிட்டதா நான் எங்கயும் படிக்கல.

அமெச்சூர்னு எப்படி சொன்னாங்கன்னு கேப்பீங்க. அங்க அமெச்சூர் அத்லெடிக் யூனியன்னு ஒரு அமைப்பு, சுருக்கமா ஏஏயு, 1897ல இருந்து தேசிய பாஸ்கெட்பால் சாம்பியன்ஷிப் நடத்தினது அதுதான். அவங்க விதி ரொம்ப சிம்பிள், ஆடறதுக்கு காசு வாங்கக் கூடாது. ஆனா வேலை பாக்கலாம், வேலைக்கு சம்பளம் வாங்கலாம். பகல்ல கம்பெனில ஃபைல் பாரு, சாயங்காலம் கம்பெனி டீம்ல ஆடு, மாசக் கடைசில வர்றது ஃபைல் பாத்ததுக்கான சம்பளம். வேலை கிடைச்சது எதனாலன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் கேக்க மாட்டாங்க.

இதுல கெட்டிக்கார கம்பெனி ஓக்லஹோமாவுல பார்ட்டில்ஸ்வில்ங்கற ஊர்ல இருந்த பிலிப்ஸ் பெட்ரோலியம். அவங்க பெட்ரோல் பேரு பிலிப்ஸ் 66, டீம் பேரும் அதேதான். ஊர் ஊரா பெட்ரோல் பங்க் திறக்கறப்போ பக்கத்துலயே ஒரு மேட்ச் ஆடிட்டா அதைவிட நல்ல விளம்பரம் ஏது. 11 தடவை ஏஏயு சாம்பியன், அதுல 1943ல இருந்து 1948 வரைக்கும் தொடர்ந்து ஆறு. ஆரம்பத்துல அந்த டீம்ல ஆடின, கிடங்கு குமாஸ்தாவா வேலைக்குச் சேர்ந்த பூட்ஸ் ஆடம்ஸ்ங்கறவர் 1938ல கம்பெனிக்கே தலைவர் ஆயிட்டார், அப்புறம் டீமுக்கு காசுக் கஷ்டம் எங்க வரப்போகுது.

இதே டீம்லதான் பாப் கர்லாண்ட். ஏழடி ஆளு. கூடைக்குள்ள இறங்கற பந்தை அப்படியே கைய நீட்டித் தட்டி விட்டுடறார், இவரும் ஜார்ஜ் மைக்கனும் பண்ண இந்த அட்டகாசம் தாங்காமதான் 1944ல காலேஜ் ஆட்டத்துல அதுக்கு தடையே போட்டாங்க. 1946ல ரெண்டு பேருக்கும் காலேஜ் முடியுது. மைக்கன் வெளிப்படையா காசு வாங்கற ப்ரொஃபஷனலா போனார், அஞ்சு வருஷத்துக்கு 60,000 டாலர்னு ஒப்பந்தம், போன டீம் சிகாகோ அமெரிக்கன் கியர்ஸ், அதுவும் ஒரு கியர் கம்பெனி முதலாளியோடதுதான், விதி யாரை விட்டுது. கர்லாண்ட் ப்ரொஃபஷனல் பக்கமே போகாம பிலிப்ஸ்ல வேலைக்குச் சேர்ந்துட்டார். ஆறு வருஷம் ஆடினார், 1948லயும் 1952லயும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார், அப்புறம் பந்தை வெச்சுட்டு அதே கம்பெனில மார்க்கெட்டிங் பக்கம் பெரிய அதிகாரியா வளர்ந்தார். ஏமாந்தவர்னு நினைச்சுடாதீங்க. அன்னைக்கு ப்ரொஃபஷனல் லீக் எல்லாம் இன்னைக்கு இருக்கும் நாளைக்கு இருக்காதுங்கற நிலைமை, முட்டி போனா ஆளும் போச்சு, அமெரிக்காவோட பெரிய ப்ரொஃபஷனல் லீக்கான என்பிஏல ஆடினவங்களே பென்ஷனுக்காக 1964 ஆல்ஸ்டார் மேட்சுல ஆட மாட்டோம்னு அடம் பிடிச்சுத்தான் ஒத்துக்க வைக்க வேண்டி இருந்துச்சு. அதோட பாத்தா பெட்ரோல் கம்பெனி வேலை கசக்குமா?

1947ல இந்த கம்பெனி டீம்ங்க சேர்ந்து நேஷனல் இண்டஸ்ட்ரியல் பாஸ்கெட்பால் லீக்னு தனியாவே ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பியோரியாவுல கேட்டர்பில்லர் டிராக்டர், ஏக்ரன்ல குட்இயர் டயர், மில்வாக்கில ஆலன் பிராட்லினு எலக்ட்ரிக் சாமான் கம்பெனி, டென்வர்ல ஒரு லாரி கம்பெனி, சியாட்டில்ல ஒரு பேக்கரி கூட உண்டு. 1952 ஹெல்சின்கி தங்கம் ஜெயிச்ச அமெரிக்க டீமுக்கு கோச் யாருங்கறீங்க, கேட்டர்பில்லர் கோச் வாரன் வொம்பிள். ஃபைனல்ல எதிர்ல சோவியத் யூனியன், 36-25. அந்தப் பக்கம் ஆடினவங்களும் பேப்பர்ல அமெச்சூர்தான், ராணுவத்துல வேலைன்னோ படிப்புன்னோ எழுதியிருக்கும். இவங்க அவங்களைப் பாத்து "அரசாங்கம் சோறு போடுது"ன்னு புகார் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. டிராக்டர் கம்பெனி போட்டா மட்டும் அது அமெச்சூர் சோறு போல.

பொம்பளைங்க ஆட்டத்துல நடந்தது இன்னும் பச்சை. டெக்சாஸ் பொண்ணு பேப் டிட்ரிக்சன், 1930ல டல்லாஸ்ல எம்ப்ளாயர்ஸ் கேஷுவல்ட்டிங்கற இன்ஷூரன்ஸ் கம்பெனில ஸ்டெனோவா சேர்ந்தாங்க, சம்பளம் மாசம் 75 டாலர். அவங்க டைப் அடிக்கற வேகத்தைப் பாத்தா கூப்பிட்டாங்க? 1931ல அந்த கம்பெனி டீம் ஏஏயு சாம்பியன். 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ல ஈட்டி எறிதலும் தடை ஓட்டமும் தங்கம், உயரம் தாண்டுதல்ல வெள்ளி. அதே வருஷக் கடைசில ஒரு டாட்ஜ் கார் விளம்பரத்துல அவங்க படம் வந்துச்சு, உடனே ஏஏயு அவங்களை சஸ்பெண்ட் பண்ணிடுச்சு, அமெச்சூர் தகுதி போச்சாம். இன்ஷூரன்ஸ் கம்பெனி பேரை இவங்க ஊர் ஊரா சுமந்து ஆடலாம், அது சுத்தம், இவங்க பேரை கார் கம்பெனி ஒரு விளம்பரத்துல போட்டா அது தீட்டு. கம்பெனி வரக் கூடாதுன்னு அந்த விதில எங்கயும் இல்ல சார், ஆடறவங்க பேரை வெச்சு ஆடறவங்களே சம்பாதிக்கக் கூடாதுங்கறதுக்குத்தான் அது ரொம்ப கறாரா இருந்துச்சு. கெடுத்தது யாருன்னு கேட்டா நான் முதல்ல அந்த விதிப் புத்தகத்தைத்தான் காட்டுவேன்.

அந்த கம்பெனி டீம்ங்களோட லீக் ஏன் முடிஞ்சதுன்னா, ஒழுக்கம் கெட்டு ஒண்ணும் இல்ல. டிவி வந்து என்பிஏ சம்பளம் ஏற ஏற, நல்ல ஆளுங்களுக்கு ஆபீஸ் நாற்காலி ஆசை போயிடுச்சு. 1961ல லீக் நின்னுச்சு, 1968ல பிலிப்ஸ் டீமையே கலைச்சுட்டாங்க. ஜெயிக்கற டீமை வெச்சிருந்த கம்பெனிக்கே கணக்கு ஒத்து வரலன்னா விட்டுடுவாங்க, அவ்வளவுதான் அவங்க விளையாட்டுப் பாசம்.

நம்ம ஊரைப் பத்தி நீங்க கேக்கல, ஆனா கேட்ட மாதிரியே இருக்கு. சென்னைல ஐஓபி டீம், ஐசிஎஃப் டீம், சதர்ன் ரயில்வே டீம்னு பாஸ்கெட்பால் பாத்து வளர்ந்தவங்க இதைப் படிக்கறப்போ சிரிச்சுக்குவாங்க. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல பேங்க் வேலை, ரயில்வே வேலை கிடைச்சு குடும்பம் நிமிர்ந்த பசங்க எத்தனை பேர். அந்தப் பசங்க வீட்டுக்குப் போய் அமெச்சூர் புனிதம் பத்தி ஒரு வார்த்தை பேசிப் பாருங்க, காபி கொடுத்துட்டு பேசாம அனுப்பிடுவாங்க.

இப்ப அந்தத் தடை. டீம் பேர்ல கம்பெனி கூடாதுன்னா என்பிஏல டெட்ராய்ட் பிஸ்டன்ஸ்ல இருந்து ஆரம்பிக்கணும். ஃபோர்ட் வெய்ன் ஊர்ல ஃபிரெட் சோல்னர்னு ஒரு முதலாளி, நிஜமாவே பிஸ்டன் தயாரிச்சவர், தன் கம்பெனி பேரைப் போட்டு சோல்னர் பிஸ்டன்ஸ்னு டீம் வெச்சார். 1957ல டெட்ராய்ட்டுக்கு மாத்தறப்போ, அது கார் ஊராச்சே, பிஸ்டன் பொருத்தமா இருக்குன்னு பேரை அப்படியே விட்டுட்டாங்க. (சென்னை கிரிக்கெட் லீக்ல ஆடின நம்ம இந்தியா பிஸ்டன்ஸ் வேற, குழப்பிக்காதீங்க.) 2004ல அந்த டீம் என்பிஏ சாம்பியன் ஆனப்போ கோச் லாரி பிரவுன், அவரு 1964ல குட்இயர் டயர் கம்பெனி டீம்ல ஆடி ஏஏயு சாம்பியன்ஷிப் ஜெயிச்சு, அதே வருஷம் டோக்கியோல ஒலிம்பிக் தங்கமும் வாங்கினவர். அவர் கிட்ட இருந்து மெடலைத் திருப்பி வாங்கறதையும் உங்க தடைல சேர்த்துக்கட்டுமா, வேண்டாமா, அடுத்த கடிதத்துல எழுதுங்க.