தென்னையைத் தாண்டாத ராக்கெட்

வணக்கம். அமெரிக்க ராக்கெட் விஞ்ஞானி ராபர்ட் கோடார்ட் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1926-இல் அவர் விட்ட ராக்கெட் 41 அடி உயரம் போய், இரண்டரை விநாடியில் விழுந்துவிட்டது என்கிறீர்கள். நான் சிவகாசிக்காரன். தீபாவளிக்கு நாங்கள் பாட்டிலில் சொருகி விடும் ராக்கெட்டே தென்னை மரத்தைத் தாண்டும். இதில் என்ன பெரிய சாதனை? கிண்டலுக்குக் கேட்கவில்லை.

மு.க.

அன்புள்ள மு.க.,

கிண்டலாகக் கேட்டிருந்தாலும் தப்பில்லை. உயரம்தான் கணக்கு என்றால் உங்கள் ஊர் ராக்கெட் ஜெயித்துவிடும்.

ஆனால் திரியைக் கிள்ளிப் பற்ற வைத்த பிறகு அது நம் பேச்சைக் கேட்காது. மருந்து தீரும்வரை எரியும். கூட்டவோ குறைக்கவோ நடுவில் அணைக்கவோ வழியில்லை. கோடார்ட் பெட்ரோலையும் திரவ ஆக்சிஜனையும் தனித்தனித் தொட்டிகளில் வைத்து, குழாய் வழியாகக் கொண்டுவந்து ஓர் அறைக்குள் எரித்தார். அதே எடை மருந்தைவிட இதில் சக்தி அதிகம். சிக்கலும் அதிகம். ஆக்சிஜன் திரவமாக நிற்க மைனஸ் 183 டிகிரி குளிர் வேண்டும்; சில அடி தள்ளி எரிகிற அறையோ உலோகத்தையே தின்றுவிடும். அன்று நாசிலின் (தீ பீறிட்டு வெளியேறும் குழல்வாய்) கீழ்ப்பாதி எரிந்தே போனது.

1969-இல் சந்திரனுக்கு ஆள் ஏற்றிப்போன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் முதல் அடுக்கில் எரிந்ததும் மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும்தான்.

உங்கள் ராக்கெட்டோடு ஓர் ஒற்றுமையும் உண்டு. குச்சி ராக்கெட்டில் மருந்து மேலே இருக்கிற மாதிரி, கோடார்டும் எஞ்சினை உச்சியில் வைத்து, தொட்டிகளைக் கீழே தொங்கவிட்டார். மேலிருந்து இழுத்தால் நேராகப் போகும் என்று நினைத்தார். தப்புக் கணக்கு. அப்புறம் அவரே எஞ்சினைக் கீழே இறக்கினார்.

மார்ச் 16 அன்று மாசசூசெட்ஸில் ஆபர்ன் என்ற ஊரில், கோடார்டின் எஃபி அத்தையின் பண்ணையில், பனி இன்னும் கரையவில்லை. உதவியாளர் நீளக் கம்பில் கட்டிய, தீ கக்கும் ப்ளோ டார்ச்சால் பற்ற வைத்தார். தீ வந்தது, இரைச்சல் வந்தது, ராக்கெட் மட்டும் கிளம்பவில்லை. உந்துவிசையைவிட எடை அதிகம்! எரிபொருள் கொஞ்சம் தீர்ந்து பாரம் குறைந்த பிறகுதான் மெல்ல எழும்பி, சட்டென வேகமெடுத்து, இடது பக்கம் வளைந்து 184 அடி தள்ளி விழுந்தது.

கோடார்டின் மனைவி எஸ்தர் படம் பிடிக்கும் கேமராவோடு நின்றிருந்தார். ஒருமுறை சாவி கொடுத்தால் ஏழு விநாடி ஓடும் கேமரா. ராக்கெட் யோசித்துக்கொண்டு நின்ற நேரத்தில் அது ஓடி முடிந்துவிட்டது. பறந்ததற்குப் படமே இல்லை. உங்கள் ஊர் ராக்கெட்டாக இருந்திருந்தால் பதிவாகியிருக்கும்.